கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் புகை வளையம்

என் மகனே,

போன வாரம் போனில் பேசும்போது, பக்கத்தில் யாரோ இருப்பது போலக் குரலைத் தணித்துக்கொண்டு நீ சொன்னாய்: "அம்மா, அத்தையோட கண்ணு விஷயம் வனிதா வீட்டுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். கல்யாணம் முடியட்டும். பொறவு நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்." நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. உனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் வைத்தேன். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். நீ பெங்களூரில் ஆபீசில் உட்கார்ந்து அவசரமாகப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் படி.

வியாழக்கிழமை வனிதாவும் அவள் அம்மாவும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். முகூர்த்தப் புடவைக்கு என்ன நிறம் எனக்குப் பிடிக்கும் என்று கேட்க வந்ததாகச் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்தன்று அத்தைக்குக் காய்ச்சல் என்பதால் அவள் வரவில்லை அல்லவா, அவளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்குள் அத்தை கம்பு ஊன்றாமல்தான் நடப்பாள்; நாற்காலி எங்கே, நிலை எங்கே என்று அவள் காலுக்குத் தெரியும். அவளாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வனிதா கூடத்தில் நின்று சுவரில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அத்தை, இது என்ன, செவப்பா எக்ஸ்ரே மாதிரி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், நாற்காலியிலிருந்து உன் அத்தை சொன்னாள்: "எக்ஸ்ரே இல்லம்மா. நானும் ஒன் மாமியாரும் சேந்து எடுத்த போட்டோ. இங்கன வந்து உக்காரு, சொல்லுதேன்." விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் சொன்னாள். நான் நினைத்திருந்தால் காபி கொடுக்கிற சாக்கில் பேச்சை மாற்றியிருக்கலாம். எனக்கு மாற்றத் தோன்றவில்லை. உனக்கு மனைவியாக வரப்போகிறவளுக்குத் தெரிந்த கதை உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. அந்த நாட்களில் உன்னைக் காலாண்டு லீவுக்குக் குளத்தூரில் மாமா வீட்டில் விட்டிருந்தோம். நீ உப்பளத்தில் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் எப்போதும் ஒரு கரகரச் சத்தம் கேட்கும். உன் அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு தகர டிரம்மின் மேல் கனமான கண்ணாடி வட்டம் ஒன்றை வைத்து, அதன் மேல் இன்னொரு வட்டத்தை வைத்து, நடுவில் கருப்புப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வருவாள். மதுரையில் வாத்தியார்மார்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தாளாம். தேய்க்கத் தேய்க்க மேலே இருக்கும் கண்ணாடி நடுவில் குழியும், அதுதான் தொலைநோக்கிக்கு ஆடி. எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. புருஷனுக்கு அக்கா, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட மைனி, கண்ணாடி தேய்க்கிற மைனி, இவளோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்றுதான் பயந்தேன். அவளும் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஒருநாள் அவளுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. நடுவில் நிறுத்தினால் பொடி காய்ந்து கீறல் விழுந்துவிடும் என்று தவித்தாள். "நான் தேய்க்கட்டுமா மைனி?" என்று கேட்டேன். "மாவாட்டுத மாதிரி அழுத்தாத. சும்மா கூடவே போ" என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். உன் அப்பா கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்னா, ரெண்டு பேரும் கூட்டணியா?" என்றார். விதைக்கடை வைத்திருப்பவருக்கு எப்போதும் ஊர் அரசியல்தான்.

அந்தத் தொலைநோக்கியில் நிலாவையும் சனியையும் நீ பார்த்திருக்கிறாய். தெருப் பிள்ளைகள் எல்லோரும் மொட்டை மாடியில் வரிசையில் நின்று பார்த்தவைதான். ஆனால் உன் அத்தைக்குப் பிடித்தது வேறு. கும்ப ராசியில், தெற்கே தன்னந்தனியாக மின்னும் ஒரு நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வளையம் இருக்கிறது. ஹெலிக்ஸ் என்று அதற்குப் பெயர். ஒரு நட்சத்திரம் சாகிற காலத்தில் தன் மேல்பகுதியைக் காற்றாக ஊதித் தள்ளிவிடும். அது நடுவிலிருக்கும் மிச்சத்தைச் சுற்றி வளையமாக விரிந்துகொண்டே போகும். பழைய காலத்துத் தொலைநோக்கியில் கிரகம் போல உருண்டையாகத் தெரிந்ததால் இந்த வகைக்குக் கிரக நெபுலா என்று பெயர் வைத்துவிட்டார்கள், கிரகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அத்தை சொல்லுவாள். அது பெரியது, ஆனால் அத்தனை மங்கல். ஊர் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அதனால் புரட்டாசி அமாவாசையை ஒட்டி, அப்பாவின் கடை வேனில் நாகலாபுரம் பக்கம் வேலுச்சாமியின் மானாவாரிக் காட்டுக்குப் போவோம். வேலுச்சாமி நம் கடையில் விதை வாங்குகிறவர். ஆடு மேய்க்கிற குடும்பம், பிறகு கொஞ்சம் விவசாயமும் பார்த்தார். அவருடைய ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொள்வோம். அப்பா வேனிலேயே படுத்துத் தூங்கிவிடுவார்.

ஒரு வருடம் அப்படிப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. அத்தை வெகுநேரம் கண்ணை வைத்துப் பார்த்தாள். தொலைநோக்கியை இப்படித் தள்ளினாள், அப்படித் தள்ளினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, பாரு. தெரியுதா?" நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவள்தான் எனக்குப் பழக்கியிருந்தாள். பார்த்தேன். "தெரியுது மைனி. ஊதுவத்திப் புகையை வட்டமா சுத்திவிட்ட மாதிரி." அவள் இன்னொரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து, "எனக்குத் தெரியல. போன வருசம் தெரிஞ்சுச்சு" என்றாள். வானம் அதேதான், கண்ணாடி அதேதான். திரும்பி வேனுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்பு அவள் என் கையைப் பிடித்ததில்லை. சாயங்காலம் சைக்கிளில் வரும்போது நின்றுகொண்டிருந்த மாட்டுவண்டியில் மோதிக்கொண்டதும், கொடியில் கிடந்த துணி முகத்தில் படும்வரை தெரியாமல் போனதும், அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மதுரையில் கண் டாக்டரிடம் காட்டினோம். ராத்திரிப் பார்வை முதலில் போகும், பிறகு ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் கொஞ்சம் பல வருடம் மிஞ்சியிருக்கும், இதற்கு மருந்து இல்லை என்றார். "அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். "ஆமா சார், எங்கம்மா தாய்மாமனைத்தான் கட்டினா" என்றாள் அத்தை. அப்படிக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் சில பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு என்று சொல்லி, அப்பாவின் கண்ணையும் பார்த்தார். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. உன்னையும் அடுத்த மாதம் அழைத்துப் போனோம். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரிகிறதா என்று பார்க்க என்று உன்னிடம் சொன்னோம். உனக்கும் ஒன்றுமில்லை. நீ டாக்டர் கொடுத்த மிட்டாயைத் தின்றுகொண்டே வந்தாய். உன் அப்பா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாத்தூர் வரைக்கும் வந்தார். அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம். வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். கடையில் யார் கேட்டாலும், "அக்காவுக்குத் தலைவலி, கண்ணாடி மாத்தணுமாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை அழுது நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, ராத்திரிதான எனக்குத் தெரியாது? பகல்ல நல்லாத் தெரியுதுல்லா? அந்த வளையத்தைப் போட்டோ எடுத்திருவோம். காகிதத்துல வந்துட்டா வெயில்ல வச்சுப் பாத்துக்கிடுவேன்." யோசித்துப் பார்த்தால் அதை விட நேரான யோசனை எதுவும் இல்லை. ஆனால் நிலாவைப் படம் எடுப்பது போல இது ஒரு சொடுக்கில் முடிகிற காரியம் இல்லை. வெளிச்சம் அத்தனை குறைவு என்பதால் கேமராவை முக்கால் மணி நேரம் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியும் அதனோடு கூடவே நகர வேண்டும். அதற்கு ஒரு மோட்டாரும் பல்சக்கரமும் தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களுக்கு வேலை செய்யும் லேத் பட்டறையில் செய்து வாங்கினோம். அது மட்டும் போதாது. பக்கத்தில் கட்டிய ஒரு சின்னத் தொலைநோக்கியில், குறுக்குக் கம்பியின் நடுவில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்திக்கொண்டு, அது இம்மி விலகினாலும் பொத்தானை அழுத்தித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அந்த வேலைக்கு அத்தையின் கண் ஒத்துழைக்காது. "நீதான் பிடிக்கணும்" என்றாள்.

முதல் வருடம் எல்லாம் தப்பாகப் போனது. தொலைநோக்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம்மூரில் அந்த நட்சத்திரம் வடக்கே அடிவானத்தை ஒட்டித்தான் இருக்கும், புழுதியிலும் பனைமரத்திலும் மறைந்துகொள்ளும். எப்படியோ தேடிப் பிடித்து, அச்சை அதற்கு நேராக வைத்து, வேலுச்சாமியின் காட்டில் ஒரு சிமெண்டுத் தூண் நட்டோம். ஆவணியில் ஒரே ஒரு மழை பெய்தது. கரிசல் மண் ஊறி உப்பி, பிறகு காய்ந்து வாய் பிளந்தது. தூண் சாய்ந்தது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை; படத்தில் தெரிந்தது. நட்சத்திரமெல்லாம் கால்புள்ளி போல வால் முளைத்து நின்றது. நம் வீட்டுக் கொல்லைச் சுவர் வருடா வருடம் விரிசல் விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். காட்டின் ஓரத்தில் சுக்கான் கல் பாறையாகத் துருத்தித் தெரியும் ஒரு மேடு இருந்தது. மண்ணை நம்ப வேண்டாம், கல்லில் வைப்போம் என்றேன். அங்கே மாற்றினோம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் கிடைத்த கடைசித் தெளிவான நாட்களில் இரண்டு படம் எடுத்தோம். நான் நட்சத்திரத்தைக் கம்பியிலிருந்து நழுவ விடவில்லை என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

பிலிம் ரோலை மெயின் ரோட்டு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தோம். அங்கே இருந்தவர் என்னிடம் பரிதாபமாகச் சொன்னார்: "அக்கா, ரோல்ல ஒண்ணுமே விழல. எல்லாம் வெறும் இருட்டு. சும்மா பிரிண்டு போட்டுக் காகிதத்தை வீணாக்க வேண்டாம்னு விட்டுட்டேன்." நெகட்டிவை வழக்கப்படி துண்டு துண்டாக வெட்டிக் கவரில் போட்டுத் தந்தார். இருட்டில் எடுத்த படம் எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கத்தரி சரியாக வளையத்தின் நடுவில் ஓடியிருந்தது, இரண்டு படத்திலும். அவர் மேல் குற்றமில்லை, நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அத்தை இரண்டு துண்டுகளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்துப் பார்த்தாள். "பாதி இங்கன, பாதி அங்கன" என்றாள். நான்தான் அழுதேன். வெளியே முதல் மழை தொடங்கியிருந்தது. இனி அந்த வளையத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். "அடுத்த புரட்டாசிக்கு என் கண்ணு எம்புட்டு மிஞ்சும்னு தெரியலயேட்டி" என்றாள். நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். மழையில் நனையாமல் துணியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு வருடத்தில் அவள் சைக்கிளை விட்டுவிட்டாள். வகுப்பில் ஓரத்து பெஞ்சுப் பிள்ளைகள் கை தூக்குவது அவளுக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாடம் நடத்தினாள். குழாய்க்குள் இருந்து பார்ப்பது போல இருக்கிறது என்று சொன்னாள். அப்பா அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். கேட்டவர்களுக்கு, சைக்கிள் ரிப்பேர் என்றார். அந்தப் புரட்டாசியில் வானம் தெளிவாக இருந்தது. உன்னைக் குளத்தூரில் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் மேட்டுக்குப் போய் இறங்கினால், அங்கே பட்டப்பகல் போல வெளிச்சம். ஆடியில் நடக்க வேண்டிய பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழா ஏதோ தகராறில் தள்ளிப்போய், சரியாக அந்த வாரத்தில் வந்து விழுந்திருந்தது. கோயிலிலிருந்து எங்கள் மேடு வரைக்கும் வண்டிப்பாதை ஓரமாக டியூப்லைட் கட்டியிருந்தார்கள். வேலுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு, "மூணு நாளைக்கு இப்பிடித்தான் இருக்கும் டீச்சர்" என்றார். மூன்று நாள் கழித்தால் சாயங்கால நிலா வந்துவிடும். அது போவதற்குள் மழைக்காலம். அத்தை வேனுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன் அப்பா அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு, "வா, கேட்டுப் பாப்போம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். கோயில் முன்னால் வில்லுப்பாட்டுக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொடையை நடத்துகிற பெரியவர் நம் கடைக்கு வருகிறவர்தான். "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார்.

"சாப்பிடலாம் மாமா. ஒரு உதவி வேணும். மேட்டுப் பக்கம் போற டியூப்லைட்டை மட்டும் கொஞ்ச நேரம் அணைச்சு வைக்க முடியுமா?"

"என்னத்துக்கு?"

"எங்க அக்கா ஒரு நட்சத்திரத்தைப் போட்டோ எடுக்கணும்னு சொல்லுதா. செத்துப்போன நட்சத்திரம்."

பெரியவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "செத்துப்போனா விளக்கு ஏத்துவாக. நீங்க என்னா, அணைக்கச் சொல்லுதீய?" எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் உன் அப்பாவும் கூடச் சிரித்து, பேச்சை மழை பற்றித் திருப்பிவிட்டு வந்திருப்பார். அன்று சிரிக்கவில்லை.

"எங்க அக்காவுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு மாமா" என்றார். அத்தனை பேர் முன்னால் சொன்னார். "ராத்திரி ஒண்ணுமே தெரியாது. பகல்லயும் கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும்னுட்டாரு டாக்டர். போட்டோவா எடுத்துட்டா, கண்ணு இருக்கும்போதே அவ ஒரு தடவை பாத்துக்கிடுவா. அதுக்குத்தான் கேக்குதேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாகத் தலைவலி என்றும் சைக்கிள் ரிப்பேர் என்றும் சொல்லிவந்த மனிதர். சொல்லி முடித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெண், "டீச்சருக்கா? எம்மவளுக்குப் பாடம் எடுத்தவியல்லா?" என்றாள். பெரியவர் மேடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏலே, மேட்டு லைனைப் பிடுங்குலே! வில்லுப்பாட்டுக்குக் கோயில் விளக்கு போதும். அங்கன இருந்து நடந்து வாரவன் பாத்து நடந்து வரட்டும்." நாங்கள் திரும்பி வரும்போது பாதை ஓரத்து விளக்குகள் அணைந்தன. அப்பா இருட்டில் தடுக்கித் தடுக்கி நடந்தார். ஆனால் அதற்கு முன்பு அவர் அத்தனை லேசாக நடந்து நான் பார்த்ததில்லை.

அன்று எடுத்தோம். காற்று அடித்தது. அப்பாவும் வேலுச்சாமியும் தார்ப்பாயை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றார்கள். நான் சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, பொத்தானில் விரலை வைத்து, குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். அத்தை என் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தாள். "இழுத்துப் பிடிக்காத. கூடவே போ, கூடவே போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் சட்டென்று, "வண்டி வருது, மூடு!" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துத் தொலைநோக்கியின் வாயை மூடினேன். அதற்குப் பிறகுதான் வளைவில் மொபெட் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. தூரத்தில் வில்லுப்பாட்டின் உடுக்கைச் சத்தம். ஒரு படம் முடிந்து இன்னொரு படமும் முடிந்தபோது என்னால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வேலுச்சாமி தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு, "புள்ளப்பேறு பாத்த மாதிரி இருக்கு டீச்சர்" என்றார்.

இந்த முறை ரோலின் முதல் படமாக, பகலில் வேலுச்சாமியையும் அவருடைய ஆடுகளையும் எடுத்து வைத்திருந்தோம். அந்தப் படத்தை வைத்து அளந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்று ஸ்டூடியோக்காரரிடம் நானே பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். இரண்டு நெகட்டிவிலும் வளையம் மங்கலாகத்தான் இருந்தது. ஒன்றன் மேல் ஒன்றை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே படமாகப் போட்டார். மங்கல் கூடி அழுத்தமாக வந்தது. பெரிய காகிதத்தில் போட்டுக் கையில் கொடுத்தபோது அவரே, "இது என்னக்கா, நம்ம ஊருக்கு மேலயா இருக்கு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அதை உள்ளே வைத்துப் பார்க்க மாட்டேன் என்றாள். உச்சி வெயிலில் தெருவில் போய் நின்றாள். படத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நகர்த்தினாள். அவளுக்கு அப்போது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் ஒரு நேரத்தில் தெரியும். "இங்கன செவப்பா ஆரம்பிக்குது… இந்தா, வளையுது… உள்ளுக்குள்ள வெறுமையா இருக்கு… இங்கன கொஞ்சம் கிழிஞ்ச மாதிரி…" சொல்லிக்கொண்டே ஒரு சுற்று முழுக்கப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்தாள். "ஏட்டி, முழுசா இருக்குடி!" என்றாள். தெருவில் போன தண்ணி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்னவென்று எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவள் பள்ளிக்கூடம் போனாள், பாடம் நடத்தினாள், என்னோடு சண்டை போட்டாள். எல்லோரிடமும் தன் கண்ணைப் பற்றி அவளே சொன்னாள். அப்பா அன்று சொன்னதற்குப் பிறகு அவளுக்கும் மறைக்கத் தோன்றவில்லை. இப்போது அந்தக் காசளவும் போய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறது.

இதைத்தான் வியாழக்கிழமை வனிதாவிடம் சொன்னாள். டாக்டர் கேட்டதையும் விடாமல் சொன்னாள். வனிதாவின் அம்மா முகம் மாறிவிட்டது. காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது. வனிதா நேராகக் கேட்டாள்: "எங்களுக்குப் பொறக்குற பிள்ளைக்கு வருமா பெரியம்மா?" அத்தையும் நேராகவே சொன்னாள்: "எனக்குத் தெரியாதும்மா. டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்லிட்டேன். நீயே ஒரு டாக்டரைப் பாத்துக் கேட்டுக்கோ." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. உன் கல்யாணத்தை நாங்களே கெடுத்துவிட்டோமோ என்று அப்பாவிடம் புலம்பினேன். "கெட்டுப்போனா கெட்டுப்போகட்டும். பொய்யில கட்டுனா பொறவு தினமும்லா பயப்படணும்" என்றார்.

சனிக்கிழமை வனிதா போன் செய்தாள். அவளும் அவள் அப்பாவும் திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் இருவரும் சொந்தமில்லை என்பதால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு மிகக் குறைவு, அறவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, வேண்டுமானால் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றாராம். அவள் அப்பா யோசித்திருக்கிறார், அம்மா அழுதிருக்கிறாள். "நான் முடிவு பண்ணிட்டேன் அத்தை. எனக்குக் கல்யாணத்துல மாத்தமில்ல" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு கேட்டாள்: "ஒண்ணு மட்டும் கேக்கணும். இது பிள்ளைகளுக்கும் வரக்கூடியதுன்னு அவியளுக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னைப் பெற்றவளுக்கு வாய் வரை வந்தது. "அதை அவன்கிட்டயே கேளும்மா" என்று சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடுவாள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வனிதாவை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் பெயரைச் சொல்லும்போதே உன் குரல் மாறிவிடுகிறது. இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டு, அவள் கையை விட்டுப் போய்விடுவாளோ என்று தனியாக உட்கார்ந்து பயந்திருப்பாய். எங்களிடமாவது அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இனிமேல் இருவராக இருக்கப்போகிறீர்கள்; வேலை போனாலும், உடம்புக்கு வந்தாலும், பிள்ளைக்கு ஒன்று என்றாலும், முதலில் அவளுக்குத் தெரியட்டும். அவளை விட்டுவிட்டு நீ மட்டும் தூக்கிக்கொண்டு திரியாதே. அவ்வளவுதான் என் புத்திமதி.

எழுதி முடித்ததும் அத்தைக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். அவள் சம்மதிக்காமல் இதை அனுப்ப மாட்டேன். கேட்டுவிட்டு, "இம்புட்டு நீளமா எழுதிட்ட. நான் சொல்லுத ஒரு வரியைக் கடைசில சேத்துக்கோ" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஏலே, அவ கேட்டா, மறைச்சிட்டேன்னு மட்டும் சொல்லி நிறுத்திராத. பயந்துட்டேன்னு சொல்லு. அதுதான் நெசம். அதைக் கேட்டுட்டு அந்தப் புள்ள ஒன்னை விட்டுட்டுப் போகமாட்டா."